காகத்துக்கு வைத்த சோறு

காசிநாதர் வீட்டு விறாந்தையில் ஒரு குரங்கு உட்காரக் கதிரை போட்டிருந்தார்கள். இதைச் சொன்னால் தோப்பூரிலிருக்கும் என் மச்சி சிரிப்பாள். சிரிக்கட்டும். அவளுடைய தம்பி கடலில் போகவில்லை, என்னுடைய தம்பி போனான்.

என் பெயர் நுஸ்ரத். திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊர் சொல்லும், அது உண்மைதான். என் தம்பி ஸாஜித்துக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் காசிநாதர் வீடு. மனைவி இல்லாத மனுசன். அவர் வளர்த்தெடுத்த ஒரே மகன் யதுர்சன்தான் தம்பியோடு தொழிலுக்குப் போகிறவன். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்ட வீரர்கள். ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிய முதல் போனார்கள். சோளகக் காற்று கரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளுகிற காலம். எஞ்சின் நின்றதோ என்னவோ, திரும்பி வரவில்லை.

கடற்படை தேடியது, மற்றப் போட்காரர்களும் தேடினார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு எண்ணெய்க் கலன் ஒன்று மட்டும் கிடைத்தது. அதில் தம்பியின் போட் இலக்கம் இருந்தது.

அதற்குள் ஊருக்கு வாய் முளைத்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? எங்கள் பக்கத்தில் என்ன கதை தெரியுமா, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனதால் வந்த வினையாம். அந்தக் காலத்தில் கடற்கரையோரம் இருந்த ஒரு கூட்டம், விலக்கின நாளில் தந்திரமாக மீன் பிடித்துக் குரங்காகிப் போன கதையை ஓதப்பள்ளியில் எல்லாரும்தான் கேட்டிருக்கிறோம். அதை ஒரு ஹாஜியார் என் வாசலில் நின்று, கையில் இடியப்பப் பார்சலையும் வைத்துக்கொண்டு எனக்கே சொன்னார்.

"பார்சல வச்சிட்டுப் போங்க ஹாஜியார்," என்றேன். "குரங்காப் போனவன்ட வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு எதுக்கு?"

வைத்துவிட்டுத்தான் போனார்.

காசிநாதர் பக்கத்தில் சாத்திரியார் வாயைத் திறந்தார். யதுர்சனின் சாதகத்தில் அட்டமத்துச் சனி, தண்ணீரில் கண்டம், இனிக் காத்திருந்து பயனில்லை, காரியத்தைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சனிக்குப் பயந்துதான் யதுர்சன் முன்னமே வலது கையில் ஆஞ்சநேயரைப் பச்சை குத்தியிருந்தான். ஆஞ்சநேயரை அண்டினவனைச் சனி தொடமாட்டாராம். மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கிற உருவம் அது. குத்தினவனுக்குக் கை வழுக்கி, வால் முழங்கை வரைக்கும் நெளிந்து போயிருந்தது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது தெரியும், உனக்குக் குரங்கு பிடிக்கப் பாம்பாகிட்டு," என்று நான் பகிடி பண்ணுவேன். "ரெண்டுமே காவல்தானே அக்கா," என்று சிரிப்பான்.

உடம்பு கிடைக்காதபடியால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து அதற்குக் காசிநாதர் கொள்ளி வைத்தார். யதுர்சனின் மனைவி லதுசா பொட்டை அழிக்கவுமில்லை, தாலியைக் கழற்றவுமில்லை.

"புல்லுக்குக் கொள்ளி வச்சதுக்கு நான் ஏன் பொட்டழிக்க வேணும்?" என்று சனத்துக்கு நடுவில் கேட்டாள். கல்யாணமாகி இரண்டு வருசம்கூட ஆகாத பிள்ளை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, யதுர்சனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். காகத்துக்கு ஓர் இலையில் போட்டு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலில் வைத்தார்கள். காகம் வந்து தொட்டால் போன உயிருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் கை நனைப்பார்கள். காசிநாதர் நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். மீன் கழிவுக்கு நாள் முழுக்க அடிபடுகிற காகங்கள் நிறைந்த ஊர் இது. ஒன்றுகூட வரவில்லை. குழம்பு ஆறி ஏடு கட்டியது.

வந்தது குரங்கு. கோட்டைப் பக்கத்திலிருந்து கூரை கூரையாகத் தாவி வருகிற கூட்டத்தில் ஒன்று, ஒரு காது கிழிந்தது. மதிலில் குந்தியிருந்து சோற்றைத் தின்றது, வடையைத் தின்றது, வாழைப்பழத்தை உரித்துத் தின்றது. பொரித்த மீனை மட்டும் மணந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தது.

"பாத்தியளோ," என்றார் காசிநாதர். "ஆஞ்சநேயரை அண்டின பிள்ளை. மீனைத் தொடேல்ல. என்ர பிள்ளை வந்திட்டான்."

யதுர்சன் மூன்று நேரமும் மீனில்லாமல் சோற்றில் கை வைக்காதவன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆவணியிலிருந்து செத்துக் கிடந்த அந்த மனுசனின் முகம் வெளிச்சமாகியிருந்தது. மூடிக்கொண்டேன்.

லதுசா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, காகம் வரேல்ல. உயிரோட இருக்கிறவருக்கு வச்ச சோத்தைக் காகம் தொடுமே? அவர் இருக்கிறார் அக்கா."

எனக்குக் காகத்திலும் நம்பிக்கையில்லை, குரங்கிலும் நம்பிக்கையில்லை. ஆனாலும் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். யதுர்சன் இருந்தால் ஸாஜித்தும் இருப்பான். அந்த ஆசைக்காக நான் எந்தக் காகத்தையும் நம்பத் தயாராக இருந்தேன்.

அடுத்த நாளும் குரங்கு வந்தது. சோறு வைக்கிற வீட்டை எந்தக் குரங்கு விடும்? ஒரு கிழமைக்குள் மதிலிலிருந்து விறாந்தைக்கு இறங்கியது. காசிநாதர் மகனுடைய சோற்றுக் கோப்பையைக் கழுவி எடுத்தார், மகனுடைய கதிரையை இழுத்துப் போட்டார். "வா ராசா" என்று கூப்பிட்டுத்தான் சோறு போடுவார். அது கழுத்தைச் சொறிந்தால், "அவனும் இப்பிடித்தான் சொறிவான்" என்பார். சனிக்கிழமைகளில் சனம் வடைமாலையோடு வரத் தொடங்கியது. சாத்திரியாரும் ஒருநாள் வந்து குரங்கைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

லதுசா தினமும் காலையில் புருசனின் படத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவாள். கடற்றொழில் கந்தோர் அதிகாரிகள், கொழும்புக்குப் போகிறவர்கள், பெரிய போட்களில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், ஒருவரையும் விடமாட்டாள். காற்றில் இழுபட்டுப் போய் அந்தமான் பக்கம், பர்மாப் பக்கம் ஒதுங்கினவர்கள் எத்தனையோ பேர் உயிரோடு வந்திருக்கிறார்கள். என் தம்பியின் படமும் அவளிடம்தான் இருந்தது.

"வந்தவனை வீட்டில வச்சுக்கொண்டு ஏன் பிள்ளை வெயிலில அலையிறாய்?" என்று காசிநாதர் கேட்பார்.

"மாமா, அது குரங்கு."

"மெல்லக் கதை. அவனுக்குக் கேக்கும்."

ஒருநாள் நான் மதிலுக்கு மேலால் சண்டைக்கே போனேன். "ஐயா, அந்தச் சனியனுக்குச் சோறு தீத்துற நேரத்துக்கு நீங்களும் ஒரு கந்தோருக்குப் போய்க் கேட்டா என்ன?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்கட தம்பியும் ஏதோ உருவத்தில வருவான் பிள்ளை, யோசிக்காதயுங்கோ," என்றார். கையில் இருந்த இடியப்பத் தட்டை அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது.

மார்கழியில் மழை விட்ட ஒரு பின்னேரம். காசிநாதர் குரங்குக்குப் பழம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அவருடைய பழைய போன் விறாந்தையில் சார்ஜில் கிடந்தது. நான் லதுசாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, வெளிநாட்டு நம்பர். லதுசா பாய்ந்து எடுத்து, எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

ஒரு பெண் பேசினாள். இந்தியத் தமிழ். ஏதோ தீவில், ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாம்.

"உங்க வீட்ல யாராவது கடலுக்குப் போய்த் திரும்பாம இருக்காங்களாம்மா? ரெண்டு மாசம் முந்தி ஒருத்தர ஒடஞ்ச போட்ல இருந்து எடுத்தாங்க. வாய் தொண்டையெல்லாம் வெந்து பேச்சே வரல. பேர் கேட்டா அப்பா, அப்பாங்கறார். அப்புறம் விரல்ல ஒண்ணொண்ணா எண்ணிக் காட்டுவார். ரெண்டு நாள் கழிச்சுதான் அது போன் நம்பர்னு புரிஞ்சுச்சு. இந்த நம்பர்தான்."

லதுசாவின் நம்பர் யதுர்சனின் போனுக்குள் இருந்தது, போன் கடலில். சின்ன வயதிலிருந்து அவன் மனதில் கிடந்தது அப்பாவின் நம்பர் மட்டும்தான்.

"கையில..." என்றாள் லதுசா. மேலே வரவில்லை. நான்தான் போனை வாங்கிக் கேட்டேன்.

"வலது கைல அனுமார் பச்சை. வால் முழங்கை வரைக்கும் நீளமா இருக்கும்," என்றாள் அந்தப் பெண்.

"அவர் இப்ப எப்பிடி இருக்கார்?"



"அப்பவே கூப்பிட்டோம்மா. பெரியவர் ஒருத்தர் எடுத்தார். உங்க மகன் கடல்ல காணாமப் போயிருக்காரான்னு கேட்டேன். இல்ல, என் மகன் வீட்லதான் இருக்கான், இப்பதான் சாப்பிட்டான்னு சொல்லி வச்சிட்டார். நாங்களும் தப்பான நம்பர்னு நெனச்சிட்டோம். ஆனா அவர் விடாம அதே நம்பரத்தான் காட்டிட்டே இருந்தார். அஞ்சாறு நாள் இருந்தார்மா. அப்புறம் போயிட்டார். யாரும் கேட்டு வராததால இங்கயே பொதச்சிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. அதான் இன்னொரு தடவ அடிச்சுப் பாத்தேன்."

லதுசா தரையில் இருந்துவிட்டாள். அழவில்லை. நான் என் கேள்வியைக் கேட்டேன், அவன் தனியாகத்தான் இருந்தானா என்று.

"தனியாத்தான். தலைல ஒரு சட்டையக் கட்டியிருந்தார், அவரோட சைஸ் இல்ல. பச்சைக் கட்டம் போட்டது."

அந்தச் சட்டையை ஸாஜித்துக்குப் பெருநாளைக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

தம்பி எப்படிப் போனான், கடைசியில் என்ன சொன்னான், யாரைத் தேடினான், எல்லாம் தெரிந்த ஒரே ஒருத்தன் ஐந்தாறு நாள் ஒரு கட்டிலில் உயிரோடு கிடந்திருக்கிறான். ஒருவேளை பிழைத்துமிருப்பான். வீட்டுக் குரல் ஒன்றைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. வரட்டும் அந்த மனுசன் என்று விறாந்தையிலேயே நின்றேன்.

காசிநாதர் ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வந்தார். குரங்கு அவருக்கு முன்னமே வந்து கதிரையில் இருந்தது.

லதுசா எழும்பி அவருக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. "மாமா, உங்களுக்கு ஒரு போன் வந்ததோ, மகன் காணாமல் போனவனோ எண்டு கேட்டு?"

"ஓம், வந்தது. ஆரோ இந்தியாக்காரப் பிள்ளை. இல்லை, வீட்டில இருக்கிறான் எண்டனான்."

"அது அவர் மாமா. ஆஸ்பத்திரியில கிடந்துகொண்டு உங்களைத்தான் கூப்பிட்டவர். கையில ஆஞ்சநேயர் இருந்ததாம். செத்துப்போனார்."

அவர் குரங்கைப் பார்த்தார். அது பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய் நிறைய வைத்திருந்தேன், கொலைகாரா என்று கேட்பதற்கு. அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அவனுக்குச் சோறு குடுத்தவையாமோ?"

"தொண்டை முழுக்கப் புண்ணாம். தண்ணிதான் இறங்கினதாம்," என்றாள் லதுசா.

குரங்கு இறங்கி வந்து அவர் கையிலிருந்த சீப்பைப் பறித்துக்கொண்டு மதிலுக்குப் போனது. நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. இரக்கமும் வந்தது, அது வேறு.

தம்பிக்குப் பள்ளிவாசலில் உடம்பில்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். முன்வரிசையில் அந்த ஹாஜியார் நின்றாராம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பவும் ஒரு படையல் நடந்தது. இந்தமுறை சாத்திரியாரைக் கூப்பிடவில்லை, சனமும் இல்லை. லதுசா பொட்டில்லாத நெற்றியோடு தானே சமைத்து, மீனும் பொரித்து, மதிலில் இலையை வைத்தாள். "அக்கா, அதை மட்டும் அண்ட விடாதயுங்கோ," என்றாள் என்னிடம். சொல்லி வாய் மூடவில்லை, காது கிழிந்த குரங்கு கூரையில் வந்து நின்றது. தினமும் சாப்பிடுகிற நேரம் அல்லவா.

காசிநாதரின் பக்கத்தில் ஒரு தடி சாத்திக் கிடந்தது. அவர் அதை எடுத்தார், உயர்த்தினார், கை அப்படியே இறங்கிவிட்டது. குரங்கு மதிலில் குதித்து இலையை நோக்கி நடந்து வந்தது.

நான் என் பக்கத்திலிருந்து ஏணியில் ஏறி, முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுத்து ஓங்கினேன். அது பல்லைக் காட்டியது. ஸாஜித்தின் சட்டை, ஹாஜியார், அந்த நம்பர், எல்லாம் சேர்ந்து என் கையில் இருந்தது. ஒரே அடியில் முதுகை முறித்திருப்பேன்.

"அடிக்காத மகள்," என்றார் காசிநாதர் கீழேயிருந்து, கையைக் கூப்பிக்கொண்டு. "அவனுக்கு நோகும்."

நான் அடிக்கவில்லை. தடியை இறக்கவுமில்லை. குரங்கு பின்வாங்கி முருங்கை மரத்துக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் வந்து இலையில் இறங்கி, முதலில் மீனைக் கொத்தியது.