தண்ணீர் போதவில்லை

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். தாது ரயில் இன்னும் பத்தே நிமிடத்தில் இந்த இடத்தைக் கடக்கும் என்று வாக்கிடாக்கி சொன்னது. இரும்புத்தாது ஏற்றிய இருநூறு பெட்டிகள், வாலில் ஒரு பயணிகள் பெட்டி.

தண்டவாளம் சோதிக்கும் சாலிக், முகாம் கூடாரத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினான். இன்று காலை எழுதியது: கி.மீ. 412, எதிரொலி இல்லை, தண்ணீர் போதவில்லை. போன மாதத்துப் பக்கம்: 412, தண்ணீர் போதவில்லை. அதற்கு முந்தைய மாதமும் அதேதான். எல்லாம் அவன் கையெழுத்து.

அவன் தள்ளிக்கொண்டு போகும் சோதனை வண்டி தண்டவாளத்துக்குள் ஒலியை அனுப்பும். அது அடிவரை போய் எதிரொலியாகத் திரும்பினால் இரும்பு முழுசு. ஆனால் இரும்பின் மேல் ஈரம் இல்லாவிட்டால் ஒலி உள்ளேயே இறங்காது. ஆகவே எதிரொலி வராததற்கு இரண்டு காரணங்கள்: ஈரமில்லை, அல்லது உள்ளே விரிசல். இந்த மணல்காட்டில் எல்லோரும் முதல் காரணத்தையே எழுதினார்கள்.

எழுதவும் நியாயம் இருந்தது. 412-க்குச் சற்று முன்னால்தான் பாதை பழுதுபார்க்கும் மெசூத் மேஸ்திரியின் இந்தக் கூடாரம். முகாமுக்குத் தண்ணீர் எப்போதும் தாமதம். சாலிக் வந்ததும் அவன் சோதனை வண்டியின் தண்ணீர்க் கேனிலிருந்துதான் தேநீருக்கு எடுப்பார்கள். தேநீருக்குத் தண்ணீர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அதன்பிறகு சோதனை வண்டி மிச்சத் தண்ணீரால் தண்டவாளத்தைச் சொட்டுச் சொட்டாக நனைத்துக்கொண்டு போகும்.

தேநீரா, விரிசலா?

அவன் எழுந்தான்.

"மூணு கிளாஸ் குடிச்சிட்டுத்தானே எந்திரிக்கணும், மூணாவது பாக்கி இருக்கு. எங்கடா ஓடுறே?" என்றார் மெசூத்.

"கேன்ல தண்ணி இருக்கா அண்ணே?"

"எல்லாம் இந்தக் கெண்டியிலதான் கொதிக்குது. எடுத்துட்டுப் போறியா?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"குடுங்க."

சிரிப்பு நின்றது. மெசூத் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இந்த மாசம் ரெண்டு தடவ ரயில நிறுத்திட்டே. ரெண்டுமே ஒண்ணுமில்ல. இதுவும் சும்மான்னா உன்னைத் துறைமுகத்துல தாது வார விட்டுருவாங்க."

"தெரியும்."

"அப்ப மொதல்ல பாரு. அப்புறம் நிறுத்து."

"பாத்து முடிக்கிறதுக்குள்ள வந்துரும். அது நிக்கவே ரெண்டு கிலோமீட்டர் வேணும்."

வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

"தாஹ் அண்ணே, சாலிக் பேசுறேன். 412. நிறுத்துங்க."

"மறுபடியுமாடா?" ஓட்டுநர் தாஹ் சலித்துக்கொண்டார். "நிறுத்தினா கிளப்ப ஒரு மணி நேரம் ஆகும். நிச்சயமா?"

"நிச்சயமில்ல. நிறுத்துங்க."

வாக்கிடாக்கியில் பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"மெதுவா வரேன். கொடி நடு."

ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு ஓடினான். சாலிக் சோதனை வண்டியைத் தள்ள, பின்னால் மெசூத் கெண்டியைத் தூக்கிக்கொண்டு முனகியபடி வந்தார். 412-இல் அவரே ஊற்றினார். சூடான இரும்பில் தேநீர் சீறியது. புதினா இலை ஒன்று ஒட்டிக்கொண்டது.

"சீனி போட்டதுடா. ஒலி போகுமா?"

"ஈரம் இருந்தாப் போதும்."

சோதனை வண்டியின் திரையில் எதிரொலி நிமிர்ந்து நின்றது. இங்கே இரும்பு முழுசு. தப்பு. மூன்றாவது தப்பு. ஒரு சாண் தள்ளினான். எதிரொலி விழுந்தது.

"ஊத்துங்க."

ஊற்றினார். வரவில்லை. ஒரு சாண் பின்னால் இழுத்தான், வந்தது. முன்னால் தள்ளினான், போனது. கெண்டி காலியாகும்வரை அப்படியே. மேலே தண்டவாளம் கண்ணாடிபோல் மின்னியது. விரலால் தடவினான், ஒரு கீறலும் தட்டுப்படவில்லை.

"விரிசல் இருக்கு," என்றான்.

மெசூத் தண்டவாளத்திலிருந்து காலை எடுத்தார்.

கொடிக்கு அப்பால் தாது ரயில் பெருமூச்சு விட்டு நின்றது. தாஹ் இறங்கி நடந்துவந்தார். ஈர இரும்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"முந்தாநேத்து என் பொண்ணு அந்தக் கடைசிப் பெட்டியிலதான் வந்தா," என்றார்.

சாலிக் அடையாளமிடச் சிவப்பு வண்ணத்தைத் தேடினான். கையில் அகப்படவில்லை.

தாஹ் அவன் பக்கம் திரும்பினார். "போன மாசம் நீ இங்க வண்டி தள்ளிட்டு நின்னே. நான் போறப்ப கையாட்டினே. இந்த விரிசல் அப்பவும் இருந்துச்சாடா?"