நாலாவது நட்டு

ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் சொருகி, சுவரில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான் மெக்கானிக். ஸ்பானர் வழுக்கியது. பின்னால் டார்ச் பிடித்தபடி குந்தியிருந்த பெரியப்பாவின் மடியில் போய் உட்கார்ந்தான். கூடத்தில் இறந்தவரைக் கிடத்தியிருந்த பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கூடத்துக் கதவில் சாய்ந்து நின்ற அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் கணவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. செத்த பிறகும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாரே மனுஷன் என்று நினைத்தாள்.

நேற்று மாலை நல்ல மழை. புது வேலைக்கு பைக்கில் போகப்போகிற மகள், விழுந்தால் காலில் அடிபடாமல் இருக்க லெக் கார்டு மாட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். நனைய வேண்டாமென்று வண்டியைத் தெருக்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் நடைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, அங்கேயே வைத்து மாட்டினார். கம்பியை அளந்தார், போல்ட்டை அளந்தார், கதவை மட்டும் அளக்கவில்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோடு இப்போது வண்டி தெருப்பக்கமும் போகாது, கூடத்துப்பக்கமும் வராது. வந்தவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நுழைந்தார்கள். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவதற்கு வழியில்லை.

பின்வாசல் வழியாகக் கொண்டுபோகலாம் என்றார் பெரியப்பா. கணவருடைய அண்ணன். பின்வாசலில் குப்பைத்தொட்டிதான் இருக்கிறது, அவர் முன்வாசல் வழியாகத்தான் போவார் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மெக்கானிக்குக்கு ஆள் போனது.

ஆனால் அவளுடைய கவலை வழி இல்லை, மகள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது அந்தப் பெண். அழவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியைத் தொடவில்லை. காலையிலிருந்து ஒரே வாக்கியம்தான்.

"நான் கேக்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பார்."

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வேலை செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் வந்து சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவேயில்லை. ஒன்று மனதில் புகுந்துவிட்டால் லேசில் வெளியே போகாது அவளுக்கு. சின்ன வயதில் இவள் ஜன்னலை மூட மறந்த அன்று வளர்த்த கிளி பறந்துபோனது. இன்றைக்கும் எங்காவது கிளியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிளிக்கே அந்தப் பாடு என்றால் அப்பாவுக்கு ஆயுசு முழுக்க இவள் என்ன பாடுபடுவாளோ என்று தாய் பயந்தாள்.

மறுபடி குழாய் சொருகப்பட்டது. இந்தத் தடவை பெரியப்பாவும் சேர்ந்து இழுத்தார். படீரென்று சத்தம். போல்ட்டே இரண்டாக முறிந்து தரையில் உருண்டது.

"கழட்டறதுக்கு வழியே வெக்கலை சார்" என்று மெக்கானிக் வியர்வையைத் துடைத்தான்.

குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடும் வேலை அவளுடைய கணவருக்கு. ஒரு சொட்டு கசிந்தாலும் மானம் போய்விடும் என்று முறுக்கிப் பழகிய கை. அவர் மூடிய காபித்தூள் டப்பாவை அவர்தான் திறக்க வேண்டும். அவர் வெளியூர் போனால் வீட்டில் காபி கிடையாது. ஆயில் மாற்றுகிறேன் என்று எஞ்சினின் மரையை இரண்டு முறை தேய்த்து நாசமாக்கியிருக்கிறார். இறுகியதும் இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும் சார், அதற்குமேல் போனால் மரை போய்விடும் என்று மெக்கானிக் தலைபாடாக அடித்துக்கொள்வான். பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குழாயைத் தேடுவார்.

இரண்டாவது நட்டு உளிக்கும் சுத்தியலுக்கும்தான் பணிந்தது. மூன்றாவதன் முனைகள் மழுங்கி, ஸ்பானர் பிடிக்க இடமே இல்லாமல் போய், ரம்பம் போட வேண்டியிருந்தது. ரம்பம் அறுக்க அறுக்க அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. மகளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"பாருடி. உடம்புக்கு முடியாத மனுஷன் இப்படி முறுக்குவாரா? ரெண்டு ஆம்பளைங்க திணறுறாங்க. நேத்து உங்கப்பா ராஜா மாதிரி இருந்தார்."

மகள் அறுபடும் நட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக இளகியது. பெரியப்பாவின் தோளில் படிந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டாள்.

நாலாவது நட்டுக்கு மெக்கானிக் குழாயைத் தயாராக வைத்துக்கொண்டான். சும்மா ஸ்பானரை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். நட்டு சமர்த்தாகச் சுழன்று வெளியே வந்துவிட்டது.

அவன் அதைக் கையில் வைத்துப் பார்த்தான். "இது வந்துடுச்சே. கடைசிக்கு வர்றதுக்குள்ள சாருக்குக் கை ஓஞ்சு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். மகளின் முகம் வெளிறிவிட்டது.

மூன்றாவது நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நேற்று அவர் மனைவியிடம், இன்னும் ஒன்றுதான் பாக்கி, நீ போய்ப் படு என்றார். அவளும் போய்ப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். அவர் எப்போது வந்து படுத்தார் என்றுகூடத் தெரியாது.

"ஓயவும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் தாய். "நான்தான் பக்கத்துல நின்னு போதும்னு சொன்னேன்."

மகள் திரும்பினாள். "நீ சொல்லி அப்பா கேட்டாரா?"

"அதான் எனக்கே ஆச்சரியம். 'சரிம்மா, போதும்'னு ஸ்பானரைக் கீழ வெச்சுட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை."

பெரியப்பா சிரித்தார். கூடத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. மெக்கானிக் மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்தான். பிறகு நட்டை மகளின் உள்ளங்கையில் வைத்தான்.

"ஓஞ்ச கை முறுக்கினதுன்னா நட்டு ஆடும் பாப்பா. இது ஆடலை. அளவா இருந்துச்சு. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டது வீண்போகலை."

மகள் நட்டை மூடிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். சத்தமாக, நன்றாக, மூக்கு ஒழுக அழுதாள். அப்பாடா என்றிருந்தது தாய்க்கு. தடுக்கவில்லை.

அழுது முடித்ததும் மகளே எழுந்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாளை மறுநாள் திரும்பவும் மாட்டித் தர வேண்டும், ஆனால் வெளியே வைத்து மாட்டுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்வது உள்ளே கேட்டது.

வழி கிடைத்துவிட்டது. அவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். படியில் இறக்கும்போது சரியக் கூடாதென்று பெரியப்பா மார்பின் குறுக்கே பட்டையைப் போட்டு, முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தம்பிக்கு அண்ணன் சளைத்தவர் இல்லை. பட்டை சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே அழுந்தியது.

தாய் குனிந்து பெரியப்பாவின் கையைத் தொட்டாள்.

"போதும்" என்றாள்.

பெரியப்பா உடனே கையை எடுத்துவிட்டார்.