கொட்டாம்பட்டியில் முழுகிய கப்பல்

கொட்டாம்பட்டியைத் தாண்டி, நான்குவழிச் சாலையில் போகும் பஸ்ஸில் இருந்தே தெரிகிற மாதிரி, உக்கிரபாண்டியின் மானாவாரிக் காட்டில் ஒரு கப்பல் நிற்கிறது. சிரிக்காதீர்கள் கண்ணுகளா. சிரிக்கக் கடைசியில் இடம் இருக்கிறது, இப்போதே தீர்த்துவிட வேண்டாம்.

கடலைச்செடி போட்ட இடத்தில் பெரிய பள்ளம் தோண்டி, அதற்குள் இரும்புத் தகட்டில் மூன்று மாடிக் கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கிறார் மனிதர். உல்லாசக் கப்பல் பயணம். சாயங்காலம் நான்கு மணிக்கு ஏறினால் மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்கலாம். கதவு சாத்தியதும் ஜன்னல் எல்லாம் டிவியாகி அலையடிக்கும். தரை லேசாக ஆடும். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் இருந்து அந்தமானுக்குப் புறப்படுகிறோம்" என்று சொல்லும். எல்லாம் கம்ப்யூட்டர். கேப்டன் உடுப்பு போட்ட உக்கிரபாண்டிக்கு சல்யூட் அடிப்பது மட்டும்தான் வேலை.

அந்தக் கப்பலில்தான் செல்வக்குமார் மாட்டிக்கொண்டான்.

செல்வக்குமாருக்குச் செல்லூரில் தறி சாமான் கடை. கூடப் பிறந்தவள் ஒரே தங்கச்சி, செல்லத்தாய். அவளுடைய வளைகாப்புக்குக் கிளம்பியவனை அவன் செல்போன் வழிகாட்டி, நத்தம் பக்கம் யாரோ ஒருவருடைய வளைகாப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அவன் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தபோது இங்கே எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு வருஷம் அவள் அவனோடு பேசவில்லை. இப்போது பிள்ளைக்குக் காதுகுத்து வந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? மனசை இறுக்கிக்கொண்டு போன் போட்டாள்.

"இந்தத் தடவையும் வராமப் போனியன்னா, பெரியப்பா மகன் நல்லகாமன் அண்ணன் மடியில வச்சுக் குத்திருவேன். அப்புறம் எம்மகளுக்கு மாமன்னா அவருதான். நீ யாரோ."

காதுகுத்து அவள் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில். அந்தக் கோயில் இருப்பது உக்கிரபாண்டி காட்டுக்கு அடுத்த காடு. செல்வக்குமார் கணக்குப் போட்டான். முதல் நாளே போய்க் கப்பலில் படுத்துக்கொண்டால், காலையில் எழுந்து பத்து எட்டு நடந்தால் கோயில். வழி தவறவே முடியாது. அதோடு, கப்பலில் இருந்து இறங்கிச் சீர்வரிசை கொண்டுபோன தாய்மாமன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது! பொண்டாட்டி மீனா, பதினோரு சீர்த்தட்டு, சீர்க்கிடாய் ஒன்று, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான். கிடாய்க்கும் கழுத்தில் பயணி அட்டை மாட்டினார்கள்.

காலை ஏழு நாற்பதுக்குப் பட்டுவேட்டி கட்டித் தட்டுகளோடு கதவுக்கு முன்னால் நின்றான். வெளியே மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். இன்னும் இருபது நிமிஷம்.

அப்போது கரண்ட் போனது. இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. வந்ததும் குரல் பேசியது.

"வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் இருந்து அந்தமானுக்குப் புறப்படுகிறோம். பயணம் பதினாறு மணி நேரம்."

செல்வக்குமார் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினான். அதைப் பார்த்துக்கொள்பவன் பாலமுரளி. செல்லூர்ப் பையன், சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, செல்வக்குமாரோடு ஒன்றாகப் படித்தவன்.

"மாப்ள, கரண்ட் போயிட்டு வந்தா இது மொதல்ல இருந்து கெளம்புதுடா. கரை சேர்ந்தாத்தான் கதவு தெறக்கும்."

"நடுவுல கரண்ட் போனா?"

"மறுபடி சென்னைதான்."

"அப்ப அந்தமான் எப்படா வரும்?"

பாலமுரளி தலையைச் சொறிந்தான். "நம்ம ஊர்ல பதினாறு மணி நேரம் சேந்தாப்புல கரண்ட் இருக்கணும்ல மாப்ள."

கம்ப்யூட்டர் செய்துகொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஒன்பதை அமுக்கி, நான்கை அமுக்கி, பாட்டுக் கேட்டு முடித்ததும் ஒரு பையன் பேசினான்.

"சார், நடுக்கடல்ல கதவைத் திறக்கச் சொல்றீங்க. பயணிகள் பாதுகாப்புக்கு அது சரி கிடையாது."

"தம்பி, நாங்க கடலைக்காட்டுல நிக்கிறோம்!"

"எங்க ஸ்கிரீன்ல நீங்க வங்காள விரிகுடாவுல இருக்கீங்க சார். தைரியமா இருங்க. வானிலை நல்லா இருக்கு."

தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டான். "கப்பல்ல மாட்டிக்கிட்டோம் சார்." "எங்க?" "கொட்டாம்பட்டியில." எதிர்முனைக்காரர், "விடிஞ்சதும் ஆரம்பிச்சிட்டியா?" என்று வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு இன்னொரு தடவை கரண்ட் போய்க் கப்பல் இன்னொரு தடவை சென்னையில் இருந்து கிளம்பியது. டிவி அலையைப் பார்த்துப் பார்த்து மீனா மூன்று முறை வாந்தி எடுத்திருந்தாள். செல்வக்குமார் மேல்தளத்துக்கு ஏறினான். அங்கிருந்து பார்த்தால் கோயில் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பந்தல் தெரிந்தது. பிரியாணி அண்டாவில் இருந்து கிளம்பும் ஆவி தெரிந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய மருமகளின் தலை, தூரத்தில், எலுமிச்சம்பழம் போலத் தெரிந்தது.

செல்லத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் கீழே வந்து நின்றாள். பின்னாலேயே நல்லகாமன், கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க. அவர் கையிலும் ஒரு சீர்த்தட்டு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வந்தாராம்.

"என்ன தம்பி, கடல் எப்படி இருக்கு?" என்றார் அண்ணாந்து.

"எறங்கி வாண்ணே!" என்று கத்தினாள் செல்லத்தாய்.

"கதவு தெறக்கலைத்தா!"

"போன தடவை செல்போனு. இந்தத் தடவை கப்பலு. அடுத்த தடவை ஏரோப்பிளேனா? பன்னெண்டு மணியோட நல்ல நேரம் முடியுது. ஆசாரி ஊசியை எடுத்து வச்சிட்டாரு."

ஊரில் இருந்த ஏணி எல்லாம் கொண்டுவந்து பார்த்தார்கள். எதுவும் பாதிக்குமேல் எட்டவில்லை. பயணிகளில் ரங்கநாயகி என்று ஓர் அம்மாள், செல்லூர்க்காரர், முன்வந்தார். "எங்கிட்ட ஏழு சுங்குடிச் சேலை இருக்கு தம்பி. முடிச்சுப் போட்டா யானையையே எறக்கலாம்." பிறகு செல்வக்குமாரை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தார். "சாமான் வேணா எறக்கலாம்" என்றார்.

அப்போதுதான் பாலமுரளிக்கு ஞாபகம் வந்தது.

"மாப்ள, கப்பல் முழுகுனா உயிர்காக்கும் படகு தானா எறங்கும்டா! அடியில ஒரு கருவி இருக்கு. பள்ளத்துல ஒரு முழம் தண்ணி நின்னாப் போதும், முழுகுதுன்னு நெனச்சுக்கும்."

உக்கிரபாண்டி பதறிவிட்டார். "ஏப்பா, தொறந்து இன்னும் ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள முழுகுச்சுன்னா எவன் ஏறுவான்?"

"அண்ணே, எந்தங்கச்சிண்ணே."

கேப்டன் கோயிலைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "முழுகடிங்க. ஆனா நான் கப்பலை விட்டு எறங்க மாட்டேன்."

முழுகடிக்கத் தண்ணீர் வேண்டுமே? அந்த வெயிலில் அந்தக் காட்டில் இருந்த தண்ணீர், விருந்துக்காகச் செல்லத்தாய் வரவழைத்த டேங்கர் லாரியில் மட்டும்தான் இருந்தது. ஐந்நூறு பேர் குடிக்கவும் கை கழுவவும்.

விஷயத்தை மேலிருந்து கத்திச் சொன்னார்கள். நல்லகாமன் சிரித்தார். "தண்ணி இல்லாமப் பந்தி போடுவியா தங்கச்சி? ஊரு என்ன பேசும்? கோயிலுக்கு வா, நான் ஒக்காந்துக்கிறேன், அஞ்சு நிமிச வேலை."

செல்லத்தாய் அண்ணாந்து பார்த்தாள். அந்த உயரத்தில், பட்டுவேட்டியோடு, வியர்த்து வழிந்து, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான் அண்ணன். தட்டில் அவளுக்குப் பிடித்த கிளிப்பச்சையில் ஒரு குட்டிப் பாவாடை இருந்தது. அது இவ்வளவு தூரத்திலும் தெரிந்தது.

"லாரியைக் கொண்டாங்க" என்றாள். "குடிக்க ரெண்டு குடம் எடுத்து வச்சிட்டு மிச்சத்தைத் தெறந்து விடுங்க. கையைத் தொடச்சுக்கிட்டுப் போகட்டும் எல்லாரும்."

தண்ணீர் பள்ளத்தில் கொட்டியது. செம்மண் குழம்பாகி, கணுக்கால் அளவு, பிறகு ஒரு முழம். கப்பலில் சங்கு ஊதியது. "கப்பல் மூழ்குகிறது. யாரும் பதற வேண்டாம்" என்றது குரல். சொன்னதும் எல்லோரும் பதறினார்கள். சிலர் நிஜமாகவே சாமியைக் கும்பிட்டார்கள்.

செல்வக்குமாரும் மீனாவும் கிடாயும் தட்டுகளும் படகில் ஏறினார்கள். படகு நகரவில்லை.

"படகில் மூவர். மிதவைச் சட்டை அணிந்தவர் இருவர்" என்றது குரல்.

"மாப்ள, கெடாய்க்கும் மாட்டுடா!" என்று கத்தினான் பாலமுரளி.

கிடாய்க்கு ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டி, வயிற்றில் வாரை இழுத்துக் கட்டினார்கள். அது அசைபோட்டுக்கொண்டே மாட்டிக்கொண்டது. படகு இறங்கத் தொடங்கியது. கீழே குலவை, மேளம். மேலே கேப்டன் தனியாக நின்று சல்யூட் அடித்தார்.

தரைக்கு நெஞ்சளவு உயரத்தில் கரண்ட் போனது. படகு அப்படியே நின்றது. செல்வக்குமாரை இருக்கையோடு கட்டிய வாரும் கரண்ட் இல்லாமல் கழலவில்லை.

மணி பதினொன்று ஐம்பது. செல்லத்தாய் யோசிக்கவே இல்லை. சேற்றில் இறங்கி, பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். ஆசாரி லாரியின் பின்கம்பியில் ஏறி நின்றுகொண்டார். செல்வக்குமார் மருமகளின் தலையைப் பிடித்தான். வலது காதில் ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. மாமனும் அழுதான்.

இடது காதுக்கு ஊசியை எடுக்கும்போது கரண்ட் வந்தது.

பள்ளத்துத் தண்ணீரை அதற்குள் காய்ந்த மண் குடித்து முடித்திருந்தது. கப்பலுக்கு எல்லாம் மறந்துவிட்டது. "வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் இருந்து அந்தமானுக்குப் புறப்படுகிறோம்" என்று சொல்லிப் படகை மேலே இழுக்க ஆரம்பித்தது.

"ஏய், எம்பிள்ளை!" செல்லத்தாய் படகின் விளிம்பைப் பிடித்துத் தொற்றினாள். மீனா அவளை இழுத்து உள்ளே போட்டாள். ஊசியை விடாமல் ஆசாரியும் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார். கீழே நல்லகாமன் தட்டோடு, வேட்டியெல்லாம் சேறாக, அண்ணாந்து நின்றார்.

இடது காது மேல்தளத்தில் குத்தப்பட்டது. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. சாட்சிக் கையெழுத்து கேட்டாலும் போடத் தயாராகக் கேப்டன் பக்கத்திலேயே நின்றார்.

ரங்கநாயகி அம்மாளின் ஏழு சேலையும் முடிச்சுப் போட்டுக் கீழே போய், பிரியாணி அண்டாவோடு மேலே வந்தது. பிள்ளை மாமன் மடியிலேயே தூங்கிப்போனது. கிளிப்பச்சைப் பாவாடை கொஞ்சம் பெரிதாக இருந்தது. மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்த செல்வக்குமாருக்குச் செல்லத்தாய் ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தாள்.

"எப்படித்தா எறங்கப் போறோம்?" என்றான் அவன், வாயில் சோற்றோடு.

"எதுக்கு அவசரம்? ஒரு வருசமா பேசாமக் கெடக்கு. பதினாறு மணி நேரம் இருக்குல்ல, மொதல்ல இருந்து சொல்லு. அந்த நத்தத்துல யாருக்குண்ணே வளையல் போட்ட?"

கரண்ட் மறுபடி போனது. அவர்கள் கவனிக்கவில்லை. கிடாய் மட்டும் ஆரஞ்சுச் சட்டையோடு கம்பி ஓரமாகப் போய் நின்று, விருந்து நடக்கும் கரையைப் பார்த்தபடி, நிம்மதியாக அசைபோட்டது.