எழுந்து நின்ற அரசன்

பகலெல்லாம் உலையெனக் காய்ந்த வானம் செம்புநிறம் கொண்டு, பின் சாம்பல் பூத்து, கூரைகளின்மேல் மெல்லக் கவிந்துகொண்டிருந்த மாலைப்பொழுது அது. நெசவாலையின் வாயில்கள் திறக்க, வெளிப்பட்ட மாந்தர் தோளோடு தோள் உரச நடந்து, ஆற்றுப்பாலம் கடந்து, கடைத்தெருவின் விளக்கொளியில் ஒருகணம் முகம் காட்டி மறுகணம் மறைந்து, நாடக அரங்கின் வாயிலை நோக்கிப் புதுவெள்ளம்போல் வந்துகொண்டிருந்தனர். அவர்களை இழுத்தது கதையன்று. அக்கதையை அவர்கள் உறக்கத்திலும் சொல்ல வல்லவர்கள். அரசனாக நடித்தவன் இறந்துபோக, அவன் முடியை அவன் மனைவியே சூடப்போகிறாள் என்ற செய்திதான் அன்று அத்தனை கால்களையும் ஒரே திசையில் திருப்பியிருந்தது.

அந்த மனைவி அப்போது ஒப்பனை அறையில், இறந்தவனின் கண்ணாடிக்கு முன், மேலுதட்டில் பசை தடவி மீசையை அழுத்திக்கொண்டிருந்தாள். அக்குழுவின் ஆடைகளையெல்லாம் தைத்தவள் அவள். கணவன் நெஞ்சுநோயில் கிடந்த இறுதி மாதங்களில், அவன் விருப்பப்படி நாள்தோறும் நாடகத்தை அவனோடு சொல்லிப் பார்த்தவள். மூச்சுத் திணறி அவன் நிறுத்திய இடங்களில் அரசனின் சொற்களையும் தானே எடுத்துச் சொல்ல, உதடுகளை மட்டும் அசைத்தபடி அவன் கேட்டுக் கிடந்தான். ஆகவே, அரசனின் சொற்கள் அவளுக்கு ஏட்டில் கற்றவை அல்ல. ஒருவன் வாயிலிருந்து இன்னொருத்தி வாய்க்கு மெல்ல இறங்கி வந்தவை.

குழுவின் தலைவனோ இறந்தவனின் தமையன், நாடகத்தில் அமைச்சன். அரசனாக நடிக்க அவள் வாய்ப்புக் கேட்டபோது நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு அவன் சொன்னான்:

“ஒரே ஒரு ஆட்டம். சரியா வரலைன்னா வெளியூர்லேருந்து ஆள் கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் நீ ஊசியும் நூலுமா இருந்துக்கணும். என்னம்மா, சரியா?”

“சரி மாமா” என்றாள், எழுந்து நின்றபடியே.

நற்சுவை அறிந்த வாசகரே, இடர் அங்கேதான் இருந்தது. அக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நாள்முதல், கணவனின் தமையன் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பது அவளுடைய உடம்பில் ஊறிய பழக்கம். உண்ணும்போதும் எழுவாள், மடியில் துணி கிடந்தாலும் எழுவாள். நாடகத்திலோ, பசித்து ஓடிவந்த அயல்நாட்டு மக்களுக்குக் கோட்டைக் கதவைத் திறக்கலாகாது என்று அமைச்சன் வாதாட வரும் காட்சியில், அரசன் அரியணையை விட்டு அசையாமல் இருக்க வேண்டும். ஒத்திகைதோறும் அமைச்சன் நுழைந்தான். ஒத்திகைதோறும் அரசன் துள்ளி எழுந்தான்.

“அரியணையில உக்காந்திருக்கியா, அடுப்படியில உக்காந்திருக்கியா?” என்றான் தமையன்.

“கால் தானா எழும்புது மாமா.”

“ராசாவுக்கெல்லாம் தானா எழும்பாது.”

அரசியாக நடிப்பவன் ஓர் ஆண். குரலின் இனிமையால் மைனா என்றே எல்லாரும் அழைத்தனர். இறந்தவனின் தோழனான அவன், இடுப்பில் கைவைத்து நின்று வழக்காடினான்:

“எனக்கு இடுப்பு வளையவே ஒரு வருசம் ஆச்சுண்ணே. அண்ணி முட்டியை மட்டும் ரெண்டே வாரத்துல அடங்கச் சொன்னா எப்படி?”

“நீ பேசாம இருடா. உன் இடுப்பு இன்னும் வீட்டுக்குப் போனாலும் நிமிர மாட்டேங்குதாம்.”

“அது உண்மைதான். கண்ணாடிய யாரு மொதல்ல பாக்குறதுன்னு எனக்கும் என் பொண்டாட்டிக்கும் தினம் சண்டை.”

எல்லாரும் சிரித்தனர், அவளும் சிரித்தாள். ஆனால் அன்று வீடு சேர்ந்ததும் ஒரு நாற்காலியில் அமர்ந்து, வெறுங்கதவை நோக்கி, எழாதே எழாதே என்று தன் கால்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. முதற்காட்சியில் அவள் வாளேந்தி நடந்து வர, கூட்டத்தில் எழுந்த சலசலப்பு இரண்டாம் காட்சியில் தேய்ந்து, அகதிகளின் ஓலம் கேட்டு அரசன் உணவை ஒதுக்கும் மூன்றாம் காட்சியில் முற்றும் அடங்கியது. இனி ஒன்றே எஞ்சியிருந்தது. முரசு முழங்க, அமைச்சன் நுழைந்தான்.

அவள் எழுந்துவிட்டாள்.

அரங்கம் மூச்சை உள்ளிழுத்தது. அமைச்சனின் கண்களில் முதலில் திகைப்பும் பின் இரக்கமும் தோன்றின. மீண்டும் அமர்ந்தால் அரசன் அங்கேயே இறந்தான் என்பதை அவள் அறிந்திருந்தாள். அப்போது அருகில் பட்டாடை சரசரத்தது. அரசன் நிற்க அரசி அமர்ந்திருப்பது முறையன்று என்பதுபோல், நீரிலிருந்து எழும் அன்னமென மைனா மெல்ல எழுந்தான். அதைக் கண்ட காவலர் வேல்களை நிமிர்த்தினர், அவையோர் எழுந்தனர். ஒரு பெண்ணின் பழக்கமாய்ப் பிறந்தது கண்ணிமைப்பொழுதில் ஓர் அரசவையின் ஆணையாயிற்று.

அவள் அரியணைப் படிகளில் இறங்கினாள். எதிரே நின்று அமைச்சன் தன் வாதத்தை முழுதும் சொல்லக் கேட்டாள், கேட்டபின், உரத்த குரலால் அன்று, ஆழ்ந்த குரலால் சொன்னாள்: “கதவுகள் திறக்கட்டும்.”

அமைச்சன் இப்போது தலைவணங்கிச் செல்ல வேண்டும். தம்பி அரசனாக இருந்த காலமெல்லாம் தமையன் கழுத்தை மட்டும் சற்றே அசைத்துவிட்டுத் திரும்புவான். அண்ணன் அல்லவா என்று தம்பியும் விட்டுவிடுவான். இன்றும் அவ்வாறே கழுத்தசைத்துத் திரும்பினான்.

“அமைச்சரே” என்றாள். நாடகத்தில் இல்லாத சொல் அது. “நாம் இன்னும் விடை கொடுக்கவில்லை.”

அவன் திரும்பினான். இருவரும் நேருக்கு நேர் நின்றனர். எத்தனையோ ஆண்டுகளாய் அவன் முகத்தை நிமிர்ந்து பாராத கண்கள் இன்று இமைக்காமல் பார்த்தன. இசைக்குழுவும் கைகளை நிறுத்தியது. பின்னர், காற்றுக்கு வளையும் முதிர்ந்த மூங்கில்போல், அந்தப் பெரிய உடம்பு இடுப்பிலிருந்து தாழ்ந்து, தலைப்பாகை அவள் கால்விரல்களுக்கு நேராய் வரும்வரை குனிந்தது.

“சென்று வாரும்” என்றாள்.

எழுந்த ஆரவாரத்தில் கூரைப்புறாக்கள் வெளியே பறந்தன. ஆலைத் தொழிலாளர் இருக்கைகளின்மேல் ஏறி நின்றனர்.

ஆட்டம் முடிந்தபின் தமையன் ஒப்பனை அறை வாயிலில் வந்து நின்றான்.

“அவனுக்குக்கூட நான் இப்படிக் குனிஞ்சதில்லம்மா.”

“தெரியும் மாமா. திரை ஓரமா நின்னு எல்லா ஆட்டமும் பாத்தவதானே நான்.”

அவன் பார்வை அவள் தலைமேல் இருந்த முடிக்குப் போனது. “அடுத்த ஆட்டத்துக்குள்ள அந்த முடிய இறுக்கச் சொல்லணும். உன் தலைக்குத் தளர்வா இருக்கு” என்று சொல்லிப் போய்விட்டான்.

“அண்ணி, இனிமே நீங்கதான் என் வீட்டுக்காரர்” என்றான் மைனா, வளையல்களைக் கழற்றியபடி. “என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியில் உடைய, கணவன் இறந்த நாளிலும் வராத அழுகை வந்து ஒட்டு மீசையை நனைத்தது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று உலகம் அளவெடுத்துத் தைத்துவைத்த ஆடைகள் பல. அவற்றை மாற்றி அணிந்தோரை அது சிலநாள் சிரித்துப் பார்க்கும். பின்னர் எழுந்து நின்று கைதட்டும். பெருமிதத்துக்கும் பிரிவுத்துயருக்கும் அளவெடுத்துத் துணி வெட்டிய தையற்காரர் இன்றுவரை பிறந்ததில்லை.