நாக்கில் இரண்டு திட்டு

நோரீன் மறுநாள் காலை தன் கடையை விற்றுக் கையெழுத்துப் போட இருந்தாள். அதற்குக் காரணம் என் வாய். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஓக்லஹோமா ஏரியில் முப்பது வருஷமாக ஆட்களைப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கிறவன் நான். அவர்கள் வருவது ஹைப்ரிட்டுக்காக. அது கோடு பாஸுக்கும் வெள்ளை பாஸுக்கும் பண்ணையில் பிறக்கிற கலப்பு மீன். தூண்டிலில் மாட்டினால் மணிக்கட்டைப் பிடுங்கிவிடும். ஏரியில் தானாகப் பெருகாது, அரசாங்கம் குஞ்சு விட்டால்தான் உண்டு. அந்த ஆட்கள்தான் கரையில் நோரீனிடம் இரையும் காப்பியும் வாங்குகிறவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம் குஞ்சு விட்டார்கள். ஜூனில் வெள்ளம் வந்து அணைக்கு மேலே வழிந்தது. நான் அங்கேயே நின்று, "எல்லாம் போச்சு, இனிமே கீழ ஆத்துலதான் தேடணும்" என்று தீர்ப்புச் சொன்னேன். பழைய பெரிய மீன்களும் தீர்ந்தன, ஆட்கள் வரத்தும் குறைந்தது. "ஏரி செத்துப்போச்சு நோரீன், வித்துடு" என்று போன மாதம் சொன்னவனும் நான்தான்.

"இருபது வருஷமா மீன் பிடிக்கிறவனுக்கு இரை வித்திருக்கேன். கடைசியா நானும் ஒருநாள் பிடிச்சுக்கிறேன், கூட்டிட்டுப் போ" என்றாள்.

அக்டோபர் காலை. பழைய பாலத் தூண்களுக்குப் பக்கத்தில் கடல்புறாக்கள் தண்ணீரில் விழுந்து எழுந்தன. அடியில் மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். தூரத்திலேயே மோட்டாரை அணைத்தேன். கூட்டத்துக்குள் மோட்டாரோடு போனால் மீன் அடியில் போய்விடும். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. நோரீன் வீசினாள், கம்பு வளைந்தது. முழத்துக்குக் கொஞ்சம் குறைவான மீன்.

"வெள்ளை பாஸ். பரவால்ல, பெருசுதான்" என்றேன், சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் மீனின் வாயில் கட்டைவிரலை விட்டுத் தூக்கினாள். "ராய்ஸ், நாக்குல சொரசொரன்னு இருக்கு."

"பல்லு. நடுவுல ஒரு திட்டு இருக்கும்."

"ஒண்ணு இல்ல. பக்கத்துல பக்கத்துல ரெண்டு."

"குளிர்ல உனக்கு விரல் மரத்துப்போச்சு."

"தெனம் விடியக்காலம் ஐஸ் தண்ணியில கைவிட்டு இரைமீன் எண்ணுறவ நான். எனக்கா மரத்துப்போகும்? நீ வச்சுப் பாருய்யா!"

வைத்துப் பார்த்தேன். இரண்டு. வெள்ளை பாஸுக்கு ஒன்று, ஹைப்ரிட்டுக்கு இரண்டு. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. நான்தான் "கோட்டைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொண்டு, ஒரு நாக்கைத் தொட்டே பல வருஷமாகியிருந்தது.

அடுத்து ஒன்பது மீன் பிடித்தோம். ஏழுக்கு இரண்டு திட்டு. வெள்ளத்தில் போகாமல் தங்கிய குஞ்சுகள்தான் இவ்வளவு வளர்ந்திருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடவே, வெள்ளை பாஸ் என்று நினைத்து நான் வீட்டுக்குக் கொண்டுபோன மீன்கள் நினைவுக்கு வந்தன. என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை தின்ன?"

"எண்ணல. சோளமாவுல பெரட்டி வறுத்தா நல்லா இருந்துச்சு... சர்ச்சு விருந்துக்கும் குடுத்தேன்."

"இல்லவே இல்லன்னு சொல்லிக்கிட்டே ஊரையே தின்ன வச்சிருக்கியே, பாவி!" படகு ஆட ஆடச் சிரித்தாள். பிறகு சட்டென்று அடங்கினாள். "இது நெசந்தானா? இன்னொரு தடவை உன் பேச்சை நம்பி மோசம்போக என்னால முடியாது."

"என் பேச்சைக் கேக்காத. உன் விரலைக் கேளு."

கடைசி மீனைத் தண்ணீரில் விடுமுன் அதன் நாக்கை நிதானமாக ஒரு தடவை தடவிப் பார்த்தாள். படகிலிருந்தபடியே, கடையை வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, விற்கவில்லை என்று சொன்னாள். அவர் திரும்பக் கேட்டபோது, இரண்டாம் முறை இன்னும் உரக்கச் சொன்னாள்.

கரைக்கு வந்ததும் கடைக் கதவில் தொங்கிய 'நாளை முதல் கடை இல்லை' அட்டையைக் கழற்றித் திருப்பி, பேனாவோடு என் கையில் கொடுத்தாள். நுணலும் தன் வாயால் கெடும். நான் கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று. எழுதினேன்: "ஹைப்ரிட் இருக்கிறது. நாக்கைத் தடவுங்கள். இரண்டு திட்டு என்றால் திரும்ப விடுங்கள். வளரட்டும். இப்படிக்கு, ராய்ஸ்."

பேனாவைப் பிடுங்கி அடியில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: "இவன் தின்றது போதும். காலை ஐந்துக்குக் கடை திறந்திருக்கும்."