காளான் எடுக்கப் போனவர்

மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவிட்டு, வேண்டியதைப் போட்டு வேகவைத்துத் தின்னும் ஹாட்பாட் கடையின் ஜன்னலோர மேசையிலிருந்து காளான் எடுத்துவர எழுந்துபோன லிப்ட் மெக்கானிக் திரும்பி வரவில்லை. காளான் மட்டும் வந்தது. பஃபே வரிசை கூப்பிடு தூரம்கூட இல்லை. போலீஸ் வந்து சமையலறையையும் பின்கதவையும் பார்த்துவிட்டு, ஆளைக் காணோம் என்று எழுதிக்கொண்டது. எழுதும்போதே இன்னொரு தட்டு காளான் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அன்று வேறு ஊரில் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டதை, மேசை நடுவில் சூப் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் மனைவியிடம் சொன்னார். வெங்காயம் வாங்கப் போனாலும் எவ்வளவு என்று போன் போட்டுக் கேட்கிற மனிதர், இதைக் கேட்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எழுந்து, "காளான் இது போதுமா, இன்னும் கொண்டு வரட்டா?" என்றார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள், ஆவி படிந்த தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலி.

போதும் என்று சொல்லும்வரை கொண்டுவருகிற ஆள் அவர் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை. வாரவிடுமுறை தோறும் வந்து அதே மேசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பஃபே வரிசையில் கிடக்கும் இடுக்கி தானாக எழுந்து காளானை அள்ளும். தட்டு நெஞ்சுயரத்தில், யார் மேலும் இடிக்காமல் நடந்து வரும். வாடிக்கையாளர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பில் போடுகிறவர் மட்டும், பார்த்து வாங்க அண்ணே, ஈரமா இருக்கு என்பார். காளான் அவளுக்குப் பிடிக்காது. முதலில் வீம்புக்குத் தின்றாள், பிறகு அது பழகிவிட்டது. வருடங்கள் போயின; கடை முதலாளி நரைத்த தலைக்குச் சாயம் அடித்துப் பார்த்து, அதையும் விட்டுவிட்டார். தட்டின் நடையும் தளர்ந்தது. வரும் வழியில் குளிர்பானப் பெட்டிமேல் இறங்கி, சற்று நின்று, பிறகு கிளம்பியது.

"ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா," என்றார் முதலாளி. "அவருக்கும் வயசாகுதில்ல?"

"சொல்லிட்டா, அப்புறம் எதுக்கு வருவாரு?"

முதலாளி குளிர்பானப் பெட்டிமேல் கிடந்ததை ஒதுக்கி, தட்டு இறங்க இடம் விட்டார்.

மழை பெய்த ஒரு மாலையில் தட்டு சரிந்து காளான் தரையில் சிதறியது. இடுக்கி தாழ்ந்து, ஒவ்வொன்றாய்த் தடவித் தடவிப் பொறுக்கியது. பொறுக்கியதைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக எடுக்க மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றது. முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டும் நகரவில்லை; முறை வரட்டும் என்று காத்திருந்தது. அவளால் பார்க்க முடியவில்லை. நாற்காலி காலியாகவே இருக்கப்போவதைக் காண வேண்டாமென்று கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"போதுங்க," என்றாள். "வந்து உக்காருங்க."

இடுக்கி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு சூப் கொதிக்கிற சத்தம் மட்டும். வெகுநேரம் கழித்து எதிர் நாற்காலி தரையில் இழுபட்டது. அவள் கண்ணாடியை மாட்டினாள். நாற்காலியில் யாருமில்லை. சூப்பிலிருந்து ஒரு காளான் மட்டும், எப்போதும்போல் அவசரப்பட்டு, மேலே எழுந்தது.

"இன்னும் வேகல," என்றாள்.

காளான் திரும்ப உள்ளே போனது.

அன்று அந்த மேசையிலிருந்து இரண்டு கிண்ணங்களைக் கழுவப் போட்டார்கள். வெளியே போகும்போது அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கால் தளர்ந்த ஒருவர் வாசல்படி இறங்கும் நேரம்வரை நின்றாள். பிறகு குடையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து விரித்தாள். அவள் வலத்தோள் நனைந்தது.