பதினொன்றாம் எண் அட்டை

லிப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் ஒரே பயம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களின் கால்பந்து அணிக்கு அவர் கோச்சான முதல் வாரமே, அதே அணியில் மகளைச் சேர்த்திருந்த பல் டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்பாவே கோச்சு. பொண்ணுக்கு என்ன கவலை?" மனிதர் விளையாட்டாகத்தான் கேட்டார். இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டார். மைதானத்தில் 'அப்பா' கிடையாது, 'கோச்'தான். ஆளை மாற்ற வேண்டி வந்தால் முதலில் வெளியே வருவது தன் மகள்தான். வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தப் பெண் சிரித்தபடி தலையாட்டினாள். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்திருப்பாள், பாவம்.

இரண்டு வருஷம் அந்தச் சட்டம் நடந்தது. இடது ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் வாலுவைப் பிடிக்க ஆளில்லை. ஆனாலும் பாதி ஆட்டத்துக்குள், வெளியே வர வேண்டியவரின் எண்ணைக் காட்டும் அட்டைகளில் அவளுடைய பதினொன்றாம் எண் அட்டையை மெக்கானிக் தூக்கிவிடுவார். மற்ற அட்டைகள் புதுக்கருக்கு மாறாமல் இருக்க, அது மட்டும் ஓரம் நைந்து டேப் ஒட்டிக் கிடந்தது. பல் டாக்டரே ஒருநாள், பொண்ணைக் கொஞ்சம் விளையாட விடுங்க என்று கெஞ்சினார். மெக்கானிக்குக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நேர்மையான மனுஷன் என்று பேர் எடுத்தாயிற்றே, அது போதாதா!

பெற்ற பெண் மட்டும் மெல்ல மெல்ல விலகிப் போனாள். சாப்பாட்டு மேஜையில்கூட, "தண்ணி குடுங்க கோச்" என்பாள். கேலி என்று நினைத்தார். மாதக்கணக்கில் அவள் முகத்தில் சிரிப்பே வராதபோதுதான் கேலி இல்லை என்று புரிந்தது. மனைவி மல்லுக்கு நின்றாள். சீசனின் கடைசி ஆட்டத்தில் மகளை முழு நேரமும் ஆட விடுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகாவது அப்பா என்று ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று ஏங்கினார்.

கடைசி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய பத்து நிமிஷம் இருந்தது. பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண்ணின் அம்மா வாட்சைப் பார்த்தார். பார்த்தது அவ்வளவுதான். மெக்கானிக்கின் கை தானாக அட்டைப் பைக்குள் போனது. அவர் அட்டையை வெளியே எடுப்பதற்குள் வாலு கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு, அவர் மைதான ஓரத்து பிளாஸ்டிக் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு தாளை நீட்டினாள். அடுத்த வருஷம் வேறு அணிக்கு மாறுவதற்கான படிவம். பல தடவை மடித்துப் பிரித்ததில் நடுவில் கிழிந்திருந்தது.

"இன்னைக்கு முழுசா ஆட விட்டா கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன்" என்றாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க கோச்."

அவர் கையிலிருந்த கோன்களைக் கீழே வைத்தார். "அப்பா கையெழுத்து வேண்டாமாம்மா?"

"அதை அம்மா போட்டுட்டாங்க."

அவர் பேனாவை வாங்கி, அவள் விரல் வைத்த இடத்தில் போட்டார்.